கண்ணுக்குக் காலை வெயில், தோலுக்கு உச்சி வெயில்: மனநிலைக்கும் ஹார்மோனுக்கும் வெயிலை அளந்து எடுப்பது எப்படி

காலை ஏழு மணி இளவெயிலில் பத்து நிமிடம் நின்றால் வைட்டமின் டி வந்துவிடும் என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள். வராது. அந்த நேரத்தில் சூரியன் அடிவானத்தை ஒட்டி இருக்கிறது. கதிர்கள் காற்று மண்டலத்தைச் சாய்வாக, நெடுந்தூரம் கடந்து வரவேண்டும். வைட்டமின் டி-க்குத் தேவையான புற ஊதாக் கதிரை வழியிலேயே ஓசோன் ஏறக்குறைய முழுவதும் உறிஞ்சிவிடும். ஆனால் அதே காலை வெளிச்சம் தூக்கத்துக்கும் மனநிலைக்கும் செய்கிற உதவியை உச்சி வெயில் அதே அளவு செய்யாது. இரண்டையும் ஒன்றென்று நினைத்துக்கொள்வதால்தான் பலர் மாதக்கணக்கில் காலையில் மொட்டை மாடியில் நின்றும் ரத்தப் பரிசோதனையில் குறைபாடு அப்படியே இருக்கிறது. வேறு சிலர் மனச்சோர்வு போகும் என்று நடுப்பகலில் தோலைக் கருக்கிக்கொள்கிறார்கள்.

வெயில் உடம்புக்குள் நுழைய இரண்டு வாசல்கள் உண்டு. ஒன்று தோல், இன்னொன்று கண். நேரம், அளவு, ஆபத்து எல்லாமே இரண்டுக்கும் வேறு வேறு.

தோலில் நடப்பது

தரைக்கு வந்து சேரும் புற ஊதாவில் ஏறத்தாழ 95 சதவீதம் யுவி-ஏ என்ற வகை; அதன் அலைநீளம் 315 முதல் 400 நானோமீட்டர். மீதிச் சிறு பங்கு யுவி-பி, 280 முதல் 315 நானோமீட்டர் வரை. ஹார்மோன் வேலையில் பெரும்பகுதியைச் செய்வது இந்தச் சிறு பங்குதான்.

தோலின் உயிருள்ள அடுக்கில் இருக்கும் ஒருவகைக் கொழுப்பு மூலக்கூறை யுவி-பி உடைக்கிறது. உடைந்தது உடல் சூட்டில் மெல்ல வைட்டமின் டி3 ஆகிறது. கல்லீரலில் ஒரு மாற்றம், சிறுநீரகத்தில் இன்னொரு மாற்றம் முடிந்தபின் அது ஹார்மோனாகவே வேலை செய்கிறது. இது தோலின் மேற்பரப்பில் படிகிற பொருள் அல்ல என்பதால் குளித்தால் கழுவிப் போய்விடும் என்ற பயம் தேவையில்லை. இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும்: குறிப்பிட்ட அளவுக்குமேல் வெயிலில் நின்றால் உற்பத்தி கூடாது. உடைந்த மூலக்கூறு செயலற்ற வேறு பொருள்களாக மாறத் தொடங்கிவிடும். வெயிலால் மட்டும் யாருக்கும் வைட்டமின் டி நஞ்சாவதில்லை என்பதற்கும், ஒரு மணி நேரம் கூடுதலாக நிற்பதால் பயனில்லை என்பதற்கும் காரணம் இதுவே.

அடுத்தது மனநிலையோடு நேரடியாகத் தொடர்புள்ளது. யுவி-பி பட்டதும் தோல் செல்லின் டி.என்.ஏ. சேதமடைகிறது. பி53 என்ற புரதம் அந்தச் சேதத்தை உணர்ந்து, பிஓஎம்சி என்ற பெரிய புரதத்தின் உற்பத்தியை முடுக்கிவிடுகிறது. அது துண்டுகளாக நறுக்கப்படும்போது ஒரு துண்டு தோலைக் கருக்க வைக்கும் ஹார்மோன். இன்னொரு துண்டு பீட்டா எண்டார்பின், உடம்பு தானே செய்துகொள்ளும் அபின் போன்ற பொருள். வெயில் தரும் இதமும் தோல் கருப்பதும் ஒரே காயத்தின் இரண்டு விளைவுகள். இதை மறக்காமல் இருந்தாலே போதும், அளவு தானாகக் கைக்கு வந்துவிடும்.

2014-ல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் எலிகளுக்கு ஆறு வாரம் தினமும் புற ஊதா கொடுத்தார்கள். ரத்தத்தில் பீட்டா எண்டார்பின் கூடியது. பிறகு செல்களில் அபின் ஒட்டி வேலை செய்யும் இடங்களை (ஏற்பிகளை) அடைக்கும் மருந்தைக் கொடுத்தபோது, போதைப் பழக்கத்தை நிறுத்தியவருக்கு வரும் நடுக்கம் போன்ற அறிகுறிகள் எலிகளுக்கு வந்தன. மேலை நாடுகளில் தோலைக் கருக்கும் விளக்குப் படுக்கைகளை அடிக்கடி பயன்படுத்துகிறவர்கள் சிலரிடமும் இதே வகை மருந்தால் இதே போன்ற அறிகுறிகள் வந்ததை 2006-ல் வெளியான சிறிய ஆய்வு காட்டியது. அந்தப் படுக்கைகளை உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 2009-ல் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் சேர்த்தது. பிரேசில் அதே ஆண்டில் தடை செய்தது. மனநிலைக்காக இப்படி ஒரு படுக்கையில் படுக்கச் சொல்லும் எந்த ஆலோசனையையும் ஏற்காதீர்கள்.

டெல் அவிவ் பல்கலைக்கழகத்தின் ஆய்வுகள் இன்னும் இரண்டு ஹார்மோன்களைத் தொடுகின்றன. யுவி-பி தோலிலிருந்து மூளை வழியாகப் பாலியல் சுரப்பிகளைத் தூண்டுவதை 2021-லும், ஆண்களின் தோலுக்கு அடியிலுள்ள கொழுப்புச் செல்கள் கிரெலின் என்ற பசி ஹார்மோனைச் சுரப்பதை 2022-லும் வெளியிட்டார்கள். பெண்களில் ஈஸ்ட்ரோஜன் இந்தக் கிரெலின் வழியை அடைத்துவிடுகிறது. இதை வைத்து ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனுக்காக வெயில் காயச் சொல்லும் காணொளிகள் நிறைய வருகின்றன. அப்படிச் சொல்லும் அளவுக்கு மனிதர்களிடம் ஆதாரம் இன்னும் சேரவில்லை.

கண்ணில் நடப்பது

இங்கே புற ஊதாவுக்கு வேலையே இல்லை. விழித்திரையில் பார்வைக்குச் சம்பந்தமில்லாத ஒருவகை நரம்புச் செல்கள் இருக்கின்றன. அவை 480 நானோமீட்டர் அளவிலான நீல வெளிச்சத்தை உணர்ந்து மூளையின் கடிகாரத்துக்குச் செய்தி அனுப்புகின்றன. காலையில் இந்தச் செய்தி பலமாகப் போனால் தூக்க ஹார்மோனான மெலடோனின் நின்றுவிடும். விழித்த அரைமணி முக்கால்மணிக்குள் இயல்பாக வரும் கார்டிசால் என்ற விழிப்பு ஹார்மோனின் ஏற்றம் வலுப்படும். இரவில் மெலடோனின் சீக்கிரமே சுரக்கத் தொடங்கும். ஆஸ்திரேலியாவில் 101 ஆரோக்கியமான ஆண்களிடம் மூளையிலிருந்து வெளியேறும் ரத்தத்தைச் சோதித்து 2002-ல் வெளியிட்ட ஆய்வில், மனநிலையோடு தொடர்புள்ள செரோடோனின் என்ற மூளைப் பொருளின் உற்பத்தி குளிர்காலத்தில் மிகக் குறைவாக இருந்தது. அன்றன்றைக்கு எவ்வளவு நேரம் பிரகாசமான வெயில் அடித்தது என்பதோடு சேர்ந்தே அது ஏறி இறங்கியது.

கண்ணில் படும் புற ஊதா கெடுதல் மட்டுமே செய்யும்: கண்புரை, வெண்விழியிலிருந்து கருவிழிமேல் வளரும் சதை, கருவிழி வேக்காடு. சூரியனை உற்றுப் பார்க்கும் 'பயிற்சி'கள் விழித்திரையை நிரந்தரமாகச் சுட்டுவிடும்.

காலைப் பயிற்சி: மனநிலைக்கும் தூக்கத்துக்கும்

எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் வீட்டைவிட்டு வெளியே வாருங்கள். 20 முதல் 30 நிமிடம் போதும். மேகமூட்டமாக இருந்தால் இன்னும் பத்து நிமிடம் கூட்டுங்கள். நடக்கலாம், பால் வாங்கப் போகலாம், வாசலில் உட்கார்ந்து காபி குடிக்கலாம். மர நிழலும் சரிதான். வெயில் நேராக முகத்தில் அடிக்க வேண்டியதில்லை. வானம் கண்ணுக்குத் தெரிந்தால் போதும். குளிர் கண்ணாடி மட்டும் அந்த நேரத்தில் வேண்டாம்.

வீட்டுக்குள் விளக்கைப் போட்டால் ஆகாதா என்று கேட்பார்கள். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள்; நம் வீட்டு அறைகளில் அது 100 முதல் 300 லக்ஸ். வெளியே நல்ல நிழலில்கூட அது 10,000 லக்ஸை எட்டும். கண் தன்னைச் சரிசெய்துகொள்வதால் இந்த வித்தியாசம் நமக்குத் தெரிவதில்லை; மூளைக் கடிகாரத்துக்குத் தெரியும். வெளியே போகவே முடியாதவர்கள் சன்னலை ஒட்டி உட்காரலாம். சன்னல் கண்ணாடி நீல வெளிச்சத்தை விட்டுவிடும், யுவி-பியை விடாது. ஆகவே கண்ணாடிக்குப் பின்னால் மனநிலைக்கு உதவி உண்டு, வைட்டமின் டி கிடையாது. காரில் தினமும் இரண்டு மணி நேரம் வெயில்படப் போகிறவருக்கும் டி குறைவாக இருப்பது இதனால்தான். யுவி-ஏ ஓரளவு உள்ளே வந்துவிடுவதால் முகத்தில் மங்கு மட்டும் கூடும்.

தினமும் ஒரே நேரம் என்பதுதான் இதில் கடினமான பகுதி, முக்கியமான பகுதியும்கூட. வாரநாளில் ஆறு மணிக்கும் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கும் எழுந்தால் கடிகாரம் ஒவ்வொரு வாரமும் தள்ளிப்போய்த் திரும்பும். திங்கட்கிழமை மந்தத்துக்கு அதுவே பாதிக் காரணம். இரவு ஒன்பதுக்கு மேல் கூடத்து வெள்ளை டியூப் லைட்டை அணைத்து மஞ்சள் விளக்குக்கு மாறுங்கள். காலையில் சம்பாதித்ததை இரவில் கைபேசித் திரை தின்றுவிடக் கூடாது.

நடுப்பகல் பயிற்சி: தோலுக்கு

முதலில் நிழலைப் பாருங்கள். உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிட நீளமாக இருந்தால் உள்ளே போய்விடுங்கள், அந்த வெயிலில் யுவி-பி மிகச் சொற்பம். குட்டையாக இருந்தால் உற்பத்தி நடக்கும். சென்னையில் ஜூன் மாதம் இந்த நேரம் காலை சுமார் ஒன்பது மணி முதல் மாலை மூன்றேகால் வரை நீளும். டிசம்பர் கடைசியில் சுமார் பத்தரை முதல் இரண்டு மணிக்குச் சற்று முன்பு வரைதான். நம் நிலப்பகுதியின் அதிர்ஷ்டம், டிசம்பர் 21 அன்றுகூடச் சென்னை நண்பகலில் நிழல் உயரத்தின் முக்கால் பங்குதான். யாழ்ப்பாணத்தில் இன்னும் குட்டை. ஆண்டு முழுவதும் உற்பத்தி நிற்பதில்லை.

அடுத்தது நிமிடக் கணக்கு. கைபேசியின் வானிலைச் செயலியில் 'யுவி இண்டெக்ஸ்' என்று ஒரு எண் இருக்கும். கனடா 1992-ல் தொடங்கி வைத்த குறியீடு அது. ஒரு புள்ளி என்பது ஒரு சதுர மீட்டரில் 25 மில்லிவாட் அளவுக்குத் தோலைச் சிவக்க வைக்கும் ஆற்றல். மாநிறத் தோல் சிவக்கத் தொடங்க சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 600 ஜூல் ஆற்றல் வேண்டும் என்று வைத்தால், நாம் எடுக்க வேண்டியது அதில் நாலில் ஒரு பங்கு, 150 ஜூல். வாய்பாடு எளிது: 100-ஐ அந்த எண்ணால் வகுங்கள், வருவது நிமிடம். குறியீடு 10 என்றால் 10 நிமிடம், 7 என்றால் 14 நிமிடம், 4 என்றால் 25 நிமிடம். நல்ல சிவந்த நிறத்தவர் 100-க்குப் பதில் 50 வைத்துக்கொள்ளுங்கள், கருநிறத்தவர் 150. நிற அளவு ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் முதல் வாரம் கணக்கில் வந்ததில் பாதியோடு தொடங்குவதே நல்லது.

உடம்பின் எந்தப் பகுதி என்பதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். முகத்தையும் புறங்கையையும் மட்டும் வெயிலில் காட்டினால் மொத்தத் தோலில் பத்தில் ஒரு பங்குகூட வெயில் படுவதில்லை; ஆனால் கரும்புள்ளியும் சுருக்கமும் முதலில் வருவது அந்த இடங்களில்தான். இதைத் தலைகீழாக்குங்கள். முகத்துக்குத் தொப்பியோ துண்டோ. கைகளைத் தோள்வரை திறந்து, முழங்காலுக்குக் கீழே கால்களையும் திறந்து வையுங்கள். பாதி நேரம் முன்பக்கம், பாதி நேரம் பின்பக்கம். வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் போதும்.

மொட்டை மாடிதான் நகரத்தில் இதற்குச் சரியான இடம். கிழக்குப் பார்த்த பால்கனியில் சூரியன் உயர ஏறும்போது வெயில் நழுவிவிடும். பக்கத்துக் கட்டடம் வானத்தில் பாதியை மறைத்தாலும் சிதறி வரும் புற ஊதா பாதியாகிவிடும். திறந்த வெளியில் நிற்க வசதியோ தனிமையோ இல்லாத பெண்கள் நம் வீடுகளில் ஏராளம். அவர்களிடம் கையை மட்டும் பத்து நிமிடம் காட்டச் சொல்லி அனுப்புவது பொறுப்பான அறிவுரை ஆகாது. ரத்தத்தைச் சோதித்து மாத்திரை கொடுப்பதே அவர்களுக்குச் சரி.

சித்திரை, வைகாசியில் நண்பகலைத் தேர்ந்தெடுக்காதீர்கள். புற ஊதா உச்சம் நண்பகலில். காற்றின் சூடு உச்சம் இரண்டு மூன்று மணிக்கு. காலை ஒன்பதரைக்கே குறியீடு 6-ஐ ஒட்டி வந்துவிடும். பதினேழு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும், வெப்பத் தாக்கு ஆபத்தும் குறைவு. எதிர்த்திசையில் ஏமாற்றுவது மலை. ஊட்டியில் டிசம்பர் மாதம் குளிராக இருக்கும், ஆனால் ஆயிரம் மீட்டர் ஏற ஏற புற ஊதா சுமார் பத்து சதவீதம் கூடுகிறது. குளிர்கிறதே என்று மூன்று மணி நேரம் வெயிலில் உட்கார்ந்துவிட்டு மறுநாள் தோல் உரிந்து வருகிறவர்கள் உண்டு. உடம்பில் படும் சூட்டை வைத்துப் புற ஊதாவை மதிப்பிடவே முடியாது. மெல்லிய மேகம் அதில் பெரும்பகுதியை விட்டுவிடும். கடற்கரை மணல் 15 சதவீதத்தைத் திருப்பி அடிக்கும்.

நேரம் முடிந்ததும் நிழலுக்குப் போங்கள், அல்லது எஸ்.பி.எஃப். 30 உள்ள சன்ஸ்கிரீன் பூசுங்கள். தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் தோலுக்குக் காப்பு ஆகாது.

அளவு மீறியதை எப்படித் தெரிந்துகொள்வது

நம் தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. அதனால் சுடவில்லை என்று நினைத்துவிடுகிறோம். அன்று மாலை தோல் இறுக்கமாக, சூடாக, தொட்டால் கூச்சமாக இருந்தாலோ, மறுநாள் அரித்தாலோ அளவு கூடிவிட்டது. வேக்காடு உச்சத்துக்கு வர 12 முதல் 24 மணி நேரம் ஆகும். நிற்கும்போதே வலிக்கவில்லை என்பது எதற்கும் சான்றல்ல. அடுத்த முறை நிமிடத்தைப் பாதியாக்குங்கள். உரிந்த தோல் ஆறும்வரை வெயிலே வேண்டாம். வெயில் காயாத நாளில் எரிச்சலும் பதற்றமுமாக இருந்து, வெயிலுக்குப் போனதும் தணிகிறது என்றால் நடுப்பகல் வெயிலைக் குறைத்துக் காலை நடையைக் கூட்டுங்கள். மனநிலைக்கு வேண்டியது அந்த வழியில் தோல் சேதமில்லாமல் கிடைக்கும்.

மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாதவர்கள்

டாக்சிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின், ஹைட்ரோகுளோரோதயசைடு, அமியோடரோன், ஐசோட்ரெட்டினாயின், குளோர்புரோமசின் சாப்பிடுகிறவர்களுக்குச் சிறிது வெயிலே தோலைக் கடுமையாகச் சுடலாம். மனநோய்க்காக லித்தியம் மருந்து எடுப்பவர் நன்றாக வியர்த்து நீர் வற்றினால் ரத்தத்தில் லித்தியம் ஏறி நஞ்சாகலாம். லூபஸ் (உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் நோய்), வெயில் ஒவ்வாமை, தோல் புற்றுநோய் இருந்தவர்கள் நடுப்பகல் பயிற்சியைத் தவிர்க்க வேண்டும். மங்கு உள்ளவர்கள் முகத்தை முழுவதும் மறைக்க வேண்டும்.

இருமுனை மனநோய் உள்ளவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டியவர்கள். பலமான காலை வெளிச்சம் அவர்களைச் சோர்விலிருந்து நேராக மிகை உற்சாகத்துக்குத் தள்ளிவிடலாம். தூக்கம் நான்கு மணி நேரமாகச் சுருங்கியும் களைப்பே இல்லை, பேச்சு நிற்கவில்லை, பணம் கட்டுக்கடங்காமல் செலவாகிறது என்றால் உடனே நிறுத்திவிட்டு மனநல மருத்துவரிடம் போங்கள். சோர்வு இரண்டு வாரத்துக்குமேல் நீடித்தாலும் வெயிலை நம்பிக் காத்திருக்கக் கூடாது. இந்தியாவில் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

டொராண்டோ, லண்டன், ஒஸ்லோ

டிசம்பர் 21 நண்பகலில் லண்டனில் நிழல் உயரத்தைப்போல மூன்றே முக்கால் மடங்கு. ஒஸ்லோவில் எட்டு மடங்குக்கும் மேல். அங்கே குளிர்காலம் முழுவதும் தோல்வாசல் மூடிக்கிடக்கிறது. டொராண்டோவைவிடச் சற்றுத் தெற்கே உள்ள பாஸ்டனிலேயே நவம்பர் முதல் பிப்ரவரி வரை வெயிலால் வைட்டமின் டி உண்டாவதில்லை என்று 1988-ல் காட்டியிருக்கிறார்கள். கருநிறத் தோலுக்கு வெள்ளைத் தோலைவிட மூன்று முதல் ஆறு மடங்கு நேரம் தேவைப்படும் என்பதால் நம்மவர்களுக்கு அங்கே வசந்தமும் இலையுதிர்காலமும்கூடப் போதுவதில்லை. பிரிட்டன் சுகாதாரத் துறை எல்லோருக்கும் இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும் தினம் 400 அலகு (IU) டி பரிந்துரைக்கிறது. தெற்காசிய, ஆப்பிரிக்கத் தோலுள்ளவர்களை ஆண்டு முழுவதும் எடுக்கச் சொல்கிறது. அதைத் தட்டாதீர்கள்.

அங்கே வரும் குளிர்காலச் சோர்வை அமெரிக்க மனநல ஆய்வு நிறுவனத்தில் நார்மன் ரோசன்தாலும் அவருடன் பணியாற்றியவர்களும் 1984-ல் தனி நோயாக விவரித்தார்கள். அதற்கான விளக்கு 10,000 லக்ஸ் தரவேண்டும், புற ஊதாவை வடிகட்டியிருக்க வேண்டும். பெட்டியில் எழுதியுள்ள லக்ஸ் எந்தத் தூரத்தில் என்று பாருங்கள்; 15 சென்டிமீட்டரில் 10,000 என்றால் அந்த விளக்கு உதவாது. 40 முதல் 60 சென்டிமீட்டர் தள்ளி, கண் மட்டத்துக்குச் சற்று மேலே, பக்கவாட்டில் வைத்து, எழுந்ததும் 30 நிமிடம். விளக்கை உற்றுப் பார்க்க வேண்டாம்; படிக்கலாம், சாப்பிடலாம். ஒன்றிரண்டு வாரத்தில் வித்தியாசம் தெரியும். தலைவலி வந்தால் தூரத்தைக் கூட்டுங்கள். தூக்கம் வரவில்லை என்றால் மாலையில் போடுவதை நிறுத்துங்கள். ஊர்வன வளர்ப்புக்கான விளக்கையும் தோல்நோய் விளக்கையும் மலிவு என்று வாங்கி முகத்துக்கு முன் வைத்தால் கண் வெந்துவிடும்.

பரிசோதனையும் மாத்திரையும்

ஆய்வகத்தில் கேட்க வேண்டியது 25-ஹைட்ராக்ஸி வைட்டமின் டி. 1,25 என்று தொடங்கும் இன்னொரு பரிசோதனை விலை கூடுதல், குறைபாட்டைக் காட்டாது. மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைபாடு. ரத்தத்தில் இதன் அளவு பாதியாகக் குறைய இரண்டு மூன்று வாரம் பிடிக்கும் என்பதால் பயிற்சி தொடங்கி மூன்று மாதம் கழித்துத்தான் மறுபரிசோதனை அர்த்தமுள்ளது.

மருத்துவர்கள் வழக்கமாக எழுதும் 60,000 அலகுப் பொடி வாரம் ஒன்று, குறிப்பிட்ட வாரங்களுக்கு மட்டும். அதைத் தினமும் கரைத்துக் குடித்தவர்களும், சீட்டைப் புதுப்பிக்காமல் மருந்துக்கடையில் கேட்டு ஓராண்டு குடித்தவர்களும் ரத்தத்தில் சுண்ணாம்பு ஏறி மருத்துவமனைக்கு வருகிறார்கள். தீராத தாகம், மலச்சிக்கல், வாந்தி, குழப்பம் ஆகியவை அதன் அறிகுறிகள். வெயிலுக்கு இருக்கிற தடுப்பு மாத்திரைக்குக் கிடையாது.

டி ஏறினால் மனம் தானாகத் தெளியும் என்ற எதிர்பார்ப்பையும் விட்டுவிடுங்கள். அமெரிக்காவில் 18,353 பேருக்கு ஐந்து ஆண்டுகளுக்குமேல் தினம் 2,000 அலகோ வெற்று மாத்திரையோ கொடுத்துப் பார்த்து 2020-ல் வெளியிட்டார்கள். மனச்சோர்வு வருவதில் இரு பிரிவுக்கும் வேறுபாடு இல்லை. டி எலும்புக்கும் தசைக்கும் தேவை. குறைபாடு தீர்ந்தால் உடல்வலியும் அசதியும் குறையலாம், அதனால் மனம் லேசாகலாம். மனநிலைக்காகத் தினம் அரைமணி நேரம்தான் ஒதுக்க முடியும் என்கிறவர், அதைக் காலையில் வாசலுக்கு வெளியே செலவிடட்டும்.